திங்கட்கிழமை யூரியா

அப்பா ஆவடி தொழிற்சாலையில் எந்திரப் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றார். மறுநாள் காலை சட்டையை பேண்டுக்குள் விட்டு, பெல்ட் போட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்துக்குக் கிளம்பினார். அம்மாவிடம் டிபன் பாக்ஸ் கேட்டார். நிலம் எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். அம்மா கட்டிக் கொடுத்தாள். அவர் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

அது இருபது சென்ட். திருவேற்காட்டுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று பக்கம் வேலி, அதை ஒட்டிச் சந்தும் வீடுகளும், நாலாவது பக்கம் ஓர் அடுக்ககத்தின் மதில். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் ஆனந்தன் சித்தப்பாவுக்கும் பொதுவாக வந்தது. சித்தப்பா பூந்தமல்லிக்கு ஷேர் வேன் ஓட்டுகிறார். அவருக்கு அந்த இடத்தில் டர்ஃப் போடவேண்டும். டர்ஃப் என்றால் பச்சை பிளாஸ்டிக் புல், சுற்றிலும் வலை, உயரமான விளக்கு. பையன்கள் வாடகை கொடுத்து கிரிக்கெட் ஆடுவார்கள்.

அத்தை வீட்டுக் காதுகுத்தில் பந்தியில் உட்கார்ந்தபோது பேச்சு வந்தது.

"குமணஞ்சாவடில ஒருத்தன் போட்டுக்கீறான். பசங்க க்யூல நிக்கிறானுங்க. நீ இன்னாண்ணே, வெறும் மண்ண வெச்சிகினு பாத்துனு கீற?" என்றார் சித்தப்பா.

"பயிர் வெக்கப் போறேன்" என்றார் அப்பா.

"நீ மெஷினுக்கு கிரீஸ் அடிச்ச ஆளு. வெவசாயம் இன்னா தெரியும் உனுக்கு?"

"எல்லாம் ஒண்ணுதான். மெயின்டனன்ஸ்."

சித்தப்பா சிரித்தார். பக்கத்து இலைக்காரர்களும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்ததும் சித்தப்பா சொன்னார்: "சரி. ஆடிக் கூழுக்கு நம்மூட்டு காராமணிதானே போவுது? இந்த வருசம் உன் தோட்டத்துல காய்ச்சத என் எலையில ஒரே ஒரு கரண்டி போடு. போட்டுட்டா நெலத்தப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன். போடலன்னா ஆவணில டர்ஃப். இன்னா சொல்ற?"

அப்பா சாப்பிட்ட கையை அப்படியே நீட்டினார். சித்தப்பாவும் நீட்டினார். ரசம் சாதத்தோடு கைகுலுக்கினார்கள். யாரோ பாயசம் கேட்டார்கள்.

எங்கள் தெருவில் ஆடி மூன்றாம் ஞாயிறு பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. நாகம்மாள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டில் காராமணிக்காய்ப் பொரியல். பல வருடங்களாகக் காயைக் கோயம்பேட்டில்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அம்மன் இதுவரை ஆட்சேபிக்கவில்லை.

நான் வேதியியல் படித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், அடுக்ககத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். சுத்தம் செய்த தண்ணீரைத் தினமும் குடுவையில் பிடித்துச் சோதிப்பது என் வேலை. தண்ணீர் கேள்வி கேட்காது. அதனால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு பங்கு அங்குள்ள செடிகளுக்கும் கழிப்பறைகளுக்கும் போகும். மீதியை எங்கே விடுவது என்பது அவர்களுக்கு எப்போதும் பிரச்சினை. அப்பா போய் அடுக்ககச் செயலாளரிடம் பேசினார். மதிலில் ஒரு துளை போட்டு குழாயை எங்கள் நிலத்துக்கு விட்டார்கள். பம்ப் ஓட்டும் அந்தோணிராஜ் அண்ணன் காலையில் வால்வைத் திறப்பார். இரண்டு பக்கத்துக்கும் திருப்தி.

சித்திரைக் கடைசியில் விதைத்தோம். வேளாண்மை ஆபீசில் கொடுத்த ரைசோபியம் பொட்டலத்தை அம்மா ஆறிய சாதக் கஞ்சியில் கலக்கி, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தினாள். அது வேரில் குடியேறி, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா. இதை நான் அப்பாவிடம் சொல்ல நினைத்தேன். அவர் கயிறு பிடித்துப் பாத்தி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திகள் நேராக இருந்தன.

யூரியா வாங்கப் பூந்தமல்லி போனார். கடையில் ஆதார் எண்ணைக் கேட்டு, எந்திரத்தில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். வேலைக்குப் போன காலத்தில் தினமும் விரல் வைத்த ஞாபகம் வந்திருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து, "சிஸ்டம் நல்லா கீது" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் யூரியா. தொழிற்சாலையில் திங்கட்கிழமைதான் எல்லா எந்திரத்துக்கும் கிரீஸ் வைப்பார்கள். எந்திரம் நன்றாக ஓடினாலும் வைப்பார்கள். நன்றாக ஓடுவதே அதனால்தான் என்று அப்பா சொல்வார். வாளியில் யூரியாவை எடுத்துக்கொண்டு முதல் பாத்தியில் தொடங்குவார். கடைசிப் பாத்திக்கு முந்தைய பாத்தியோடு நிறுத்திக்கொள்வார்.

கடைசிப் பாத்தி மேட்டில் இருந்தது. குழாய்த் தண்ணீர் அங்கே ஏறவில்லை. செடிகள் மெலிந்து, வெளிறி வந்தன. அப்பா அதைப் பார்த்து, "ஸ்கிராப்" என்றார். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட ஸ்கிராப்புக்குப் பராமரிப்பு கிடையாது. அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. கிணற்றடிக் கைபம்பில் குடம் பிடித்து அந்தப் பாத்திக்கு மட்டும் ஊற்றுவாள். "முளைச்சிட்டுதே" என்பாள், வேறு விளக்கம் இல்லாமல்.

மற்ற பாத்திகள் காடு போல் வளர்ந்தன. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. கொடி வரப்பைத் தாண்டி வேலியைப் பிடித்தது. மாலையில் நடக்க வரும் அடுக்ககக்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். ஒருவர் இயற்கை விவசாயமா என்று கேட்டார். அப்பா, "ஷெட்யூல்" என்றார். சித்தப்பா வேனை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

"இன்னாண்ணே, இப்டி கீது? பாம்பு வந்து குடும்பம் நடத்தும் போல."

"மெயின்டனன்ஸ்" என்றார் அப்பா.

சித்தப்பா முகம் சுருங்கிப் போனார். அன்றிரவு அப்பா இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கினார்.

ஆனி வந்தது. பூ வரவில்லை. அப்பா செடிகளுக்கு நடுவே குனிந்து பார்த்தார். இலையை ஒதுக்கிப் பார்த்தார். உள்ளே இன்னும் இலைதான் இருந்தது. உற்பத்தி குறைந்தால் பராமரிப்பைக் கூட்டவேண்டும். அடுத்த திங்கட்கிழமை இரண்டு வாளி போட்டார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது அடுப்புமேடையில் மூன்று காராமணிக்காய் கிடந்தன. நீளமாக, இளசாக.

"ஏதும்மா?"

"நம்ம ஸ்கிராப்ல" என்றாள் அம்மா. "உங்கப்பாகிட்ட சொல்லாத. மனசு கஷ்டப்படும்."

நான் நிலத்துக்குப் போனேன். காட்டிலிருந்து ஒரு செடியையும் ஸ்கிராப்பிலிருந்து ஒரு செடியையும் வேரோடு பிடுங்கி, கைபம்பில் கழுவினேன். ஸ்கிராப் செடியின் வேரில் கடுகளவும் மிளகளவும் முடிச்சுகள் இருந்தன. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். பெரிய செடியின் வேர் மொழுமொழுவென்று இருந்தது. தேடியதில் இரண்டு முடிச்சு கிடைத்தது. உள்ளே வெள்ளை.

அப்போதுதான் தண்ணீர் ஞாபகம் வந்தது. என் குடுவையில் தினமும் வரும் எண்தான். நாங்கள் அனுப்பிய தண்ணீரில் லிட்டருக்கு முப்பது மில்லிகிராம் நைட்ரஜன். கழிவுநீர்தானே, இருக்கும். கையிலேயே பெருக்கிப் பார்த்தேன். காராமணிக்கு விதைத்ததிலிருந்து காய் பறிக்கும்வரை உரமாக எவ்வளவு நைட்ரஜன் போடவேண்டுமோ, அதில் பாதிக்கு மேல் ஒரே வாரத்துக் குழாய்த் தண்ணீரில் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேல்தான் திங்கட்கிழமை. சோறு இவ்வளவு கிடைத்தால் செடி காய்ப்பதைப் பற்றி நினைக்காது. இலை விட்டுக்கொண்டே இருக்கும்.

அப்பாவிடம் சொல்லவேண்டும். டீ எடுத்துக்கொண்டு போனேன். அவர் வேலிக்கு வெளியே நின்ற இரண்டு பேருக்கு இலையின் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"இன்னாம்மா?"

"டீ" என்றேன்.

அன்று மாலை அவருக்கு வாட்ஸப்பில் எழுதினேன். யூரியா போடவேண்டாம், தண்ணீரிலேயே நைட்ரஜன் இருக்கிறது, அதனால்தான் பூ இல்லை. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தை அனுப்பினார். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் அவர் அதைத்தான் அனுப்புவார். திங்கட்கிழமை யூரியா போட்டார்.

ஆடி பிறக்கச் சில நாள்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அவரு சொன்னா கேக்கற ஆளா?" என்றாள் அம்மா. "மேனேஜர் சொன்னாலே கேக்கமாட்டாரு. அவரு பயந்தது ஒரே ஒருத்தருக்குத்தான். ஃபேக்டரில இன்ஸ்பெக்டர்னு ஒருத்தர் இருந்தாரே."

அந்த இன்ஸ்பெக்டரைப் பற்றி நானும் கேட்டிருக்கிறேன். அவர் யாரையும் திட்டமாட்டார். பேசவே மாட்டார். நடந்து வந்து, சரியில்லாத பாகத்தில் சிவப்பு அடையாளம் வைத்துவிட்டுப் போய்விடுவார். சிவப்பு வைத்ததை யாரும் தொடக்கூடாது. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சரிசெய்யவேண்டும். சிவப்பை எடுக்கும் அதிகாரமும் வைத்தவருக்கு மட்டும்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்வார்.

பேசாமலேயே செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு அது முடியும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா தூங்கியதும் அம்மாவின் பழைய சிவப்பு ரவிக்கைத் துணியை நாடா நாடாவாகக் கிழித்தேன். ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் நாலைந்து செடிக்குக் கட்டினேன். ஸ்கிராப்புக்குக் கட்டவில்லை. நாகம்மாள் வேலியோரம் வந்து நின்று பார்த்தாள்.

"இன்னா பிரியா, அம்மனுக்கு வேண்டுதலா?"

நான் தலையசைத்தேன். அது ஆமாம் என்பதற்கான தலையசைப்பு அல்ல. இல்லை என்பதற்கும் அல்ல.

"நல்லது கண்ணு. ஆடி வருது" என்று சொல்லிவிட்டு நாகம்மாள் உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை அப்பா வாளியோடு போனார். நானும் அம்மாவும் ஜன்னலில் நின்றோம். முதல் பாத்தியில் நின்றார். சிவப்புத் துணியைப் பார்த்தார். தொடவில்லை. இரண்டாவது பாத்திக்குப் போனார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசிப் பாத்திவரை போனார். அங்கே துணி இல்லை. குனிந்தார். இலையை ஒதுக்கினார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

திரும்பி வந்து வாளியை வாசலில் வைத்தார்.

"யார் கட்னது?"

அம்மா என்னைக் காட்டினாள். அப்பா நிமிர்ந்து நின்றார். கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டார்.

"ரீசன் இன்னா?"

நான் போய் காட்டிலிருந்து ஒரு செடியையும் ஸ்கிராப்பிலிருந்து ஒரு செடியையும் புதிதாகப் பிடுங்கி வந்து, இரண்டின் வேரையும் காட்டினேன். வேறு வழியில்லை, பேசினேன். முடிச்சு எதற்கு, உள்ளே சிவப்பு எதற்கு, தண்ணீரில் என்ன வருகிறது, எவ்வளவு வருகிறது. அவர் குறுக்கே பேசவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அப்ப இந்த பாக்டீரியா ஏன் வேல செய்யல?" என்றார்.

"சும்மா கிடைக்குதுப்பா. அதனால செடி அதைக் கூப்பிடவே இல்ல."

அவர் யோசித்தார். "கேன்டீன்ல பிரியாணி போட்டா எவன் டிபன் பாக்ஸ் எடுத்துனு போவான்."

"ஆமாம்ப்பா."

"நான் போட்ட யூரியா?"

"அதுக்கும் மேல."

அப்பா வாளியைப் பார்த்தார். "ஓவர் கிரீஸ்" என்றார் மெதுவாக. "கிரீஸ் அதிகமாச்சுன்னா பேரிங் சூடாயி போயிடும். எனுக்குத் தெரியும். எத்தினி பசங்கள திட்டிக்கீறேன் அதுக்கு." பிறகு அம்மாவைப் பார்த்து, "கூழுக்கு எத்தினி நாளு கீது?" என்றார்.

"மூணு வாரம் கூட இல்ல."

"அதுக்குள்ள காய்க்குமா?" இதை என்னிடம் கேட்டார்.

"தெரியலப்பா" என்றேன். அது உண்மை.

அன்றே அந்தோணிராஜ் அண்ணனிடம் வால்வைத் திறக்கவேண்டாம் என்று சொன்னேன். "உங்கப்பா டெய்லி போன் பண்ணி பிரஷர் பத்தலன்னு உசுர எடுப்பாரேம்மா. இப்ப வேணான்றாரா? ஒடம்பு நல்லா கீதா அவருக்கு?" என்றார்.

கிணற்றில் ஒரு பழைய மோட்டார் துருப்பிடித்துக் கிடந்தது. அப்பா அதைப் பிரித்துப் போட்டு, துடைத்து, ஒரே நாளில் ஓட வைத்தார். பேரிங்கில் கிரீஸை விரல் நுனியால் தொட்டு வைத்தார். தண்ணீரை நாள் விட்டு நாள், மண் காய்ந்த பிறகு மட்டும் விட்டோம். கொடிகளின் நுனியை அம்மா கிள்ளிவிட்டாள். கொழுத்த தளிரில் அசுவினிப் பூச்சி மொய்த்தது. கடைசிப் பாத்திக்குப் பரவுவதற்குள் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி அடித்தோம்.

சிவப்புத் துணிகள் அப்படியே இருந்தன. அவற்றோடு மஞ்சள் கயிறுகளும் சேர்ந்திருந்தன. அவற்றை நான் கட்டவில்லை. தெருப் பெண்கள் சிலர் கட்டியிருந்தார்கள். அடுக்ககத்திலிருந்து ஒரு அம்மாள், மகனுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று கட்டிவிட்டுப் போனதாக நாகம்மாள் சொன்னாள்.

ஆடி இரண்டாம் ஞாயிறன்று சித்தப்பா டர்ஃப் போடும் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அளவு நாடாவோடு வேலிவரை வந்து, செடிகளைப் பார்த்து, செருப்பைக் கழற்றினார்.

"சார், கோயில் நெலமா?"

"யோவ், எங்க நெலம்யா. உள்ள வா" என்றார் சித்தப்பா.

"இல்ல சார். இங்கேந்தே பாத்துக்கறேன்." அவர் வேலிக்கு வெளியே நின்றபடி நிலத்தைக் கண்ணால் அளந்தார். போகும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சித்தப்பா பெரிய பாத்திகளை ஒதுக்கிப் பார்த்தார். ஒரு காய்கூட இல்லை. அவர் முகம் தெளிந்தது. மேட்டில் இருந்த மெலிந்த பாத்திப் பக்கம் அவர் போகவே இல்லை. "அடுத்த ஞாயித்துக்கெயம பாப்பம்ணே" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தார்.

அப்பா அன்று சாப்பிடவில்லை. கடைசிப் பாத்தியின் அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க அங்கேதான் இருந்தார். நடக்க வருபவர்கள் காயைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினால், "ஸ்கிராப் சார், தொடாதீங்க" என்பார்.

கூழ் நாளன்று விடியலில் பெரிய பாத்திகளில் முதல் பூக்கள் இருந்தன. வெளிர் ஊதா நிறம். பூவைப் பொரியல் செய்யமுடியாது. அம்மா ஸ்கிராப்பில் இருந்த காயை எல்லாம் பறித்தாள். முந்தானை கொஞ்சம் கனத்தது. தெருவுக்கான காயை வழக்கம்போல் கோயம்பேட்டிலிருந்து வாங்கி வந்திருந்தோம். தோட்டத்துக் காயை அம்மா தனியாக, சின்னச் சட்டியில் தாளித்தாள். அப்பா அதைத் துண்டால் மூடித் தானே எடுத்துக்கொண்டார். வழியில் யார் கேட்டும் திறக்கவில்லை.

பந்தலில் சித்தப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். சொம்பில் கூழ், இலையில் வெங்காயமும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார்கள். அப்பா வந்து துண்டை விலக்கி, இலையில் ஒரு கரண்டி வைத்தார். பக்கத்து இலைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சித்தப்பா அதை விரலால் கிளறிப் பார்த்தார். "எங்க வாங்கின?"

"தோட்டத்துல."

"நான்தான் போன வாரம் பாத்தேனே. ஒரு பிஞ்சு இல்ல."

"நீ பாத்தது ரிஜக்ட் ஆன லாட். இது ஸ்கிராப்ல வந்தது."

சித்தப்பாவுக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தார். "அண்ணி, நீ சொல்லு. அம்மன் முன்னால சொல்லு."

"நான்தான் பறிச்சேன் ஆனந்தா. கொடம் கொடமா நான்தான் தண்ணி ஊத்னேன்" என்றாள் அம்மா.

சித்தப்பா வாயில் போட்டார். மென்றார். அப்பா கரண்டியைப் பிடித்தபடி நின்றார். சித்தப்பா இன்னொரு முறை எடுத்து மென்றார். கூழைக் குடித்தார். இலையில் பொரியல் தீர்ந்துவிட்டது.

"இன்னொரு கரண்டி போடு" என்றார்.

"ஆர்டர் ஒரு கரண்டிக்குத்தான்" என்றார் அப்பா.

வரிசை முழுக்கச் சிரித்தது. சித்தப்பாவும் கடைசியில் சிரித்தார். "போண்ணே. வெச்சிக்க உன் நெலத்த. அந்தாளு வேற செருப்பக் கயட்டிட்டு கும்புட்டுனு போறான். அதுல நான் எங்கேந்து கிரிக்கெட் வுடறது?"

அப்பா யோசித்தார். பிறகு சட்டியில் மீதி இருந்ததை முழுவதும் சித்தப்பா இலையில் கவிழ்த்தார்.

அதற்குப் பிறகு பெரிய பாத்திகளும் காய்த்தன. தாமதமாக, ஆனால் நிறையக் காய்த்தன. காய் நீண்டு தொங்கியது. அப்பா தினமும் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றையும் பறிக்கவில்லை. அவர் ஏன் பறிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. சில காய்கள் முற்றிப் பழுக்கத் தொடங்கின.

"இன்னா, அப்பனும் பொண்ணும் வேடிக்க பாத்துனு கீறீங்க?" என்று அம்மா கத்தினாள். "பறிச்சா இன்னாங்க?"

"செகப்பு கீது" என்றார் அப்பா. "இன்ஸ்பெக்டர்தான் எடுக்கணும்."

அம்மா என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தாள்.

நான் முதல் பாத்தியில் தொடங்கினேன். அப்பா ஓர் அடி பின்னால் கூடையோடு வந்தார். நான் ஒரு செடியைப் பார்த்து, துணியை வெட்டி எடுத்த பிறகுதான் அதில் கை வைத்தார். நாகம்மாள் வேலியோரம் வந்தாள்.

"இன்னா பிரியா, வேண்டுதல் பலிச்சிடுச்சா?"

"பலிச்சிடுச்சு" என்றேன்.

பாத்தி முடிந்ததும் அப்பாவிடம் கேட்டேன். "பாஸ் ஆனதுக்கு அந்த இன்ஸ்பெக்டர் என்ன அடையாளம் வைப்பாரு?"

"ஒண்ணும் வெக்கமாட்டாரு. செகப்ப எடுத்துட்டு போய்கினே இருப்பாரு."

நான் அடுத்த பாத்திக்குப் போனேன். சிவப்புத் துணிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். மஞ்சள் கயிறுகளை எடுக்கவில்லை. அவை நான் கட்டியவை அல்ல. அப்பா அந்தச் செடிகளில் மட்டும் காயைப் பறிக்காமல் விட்டுவிட்டு வந்தார்.